வீட்டுக் கம்ப்யூட்டர்களை இணைத்தால் வேகம் கூடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நாலைந்து மாதம் கழித்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. பையனுடைய லேப்டாப் இரவில் சும்மா இருக்கிறது. இரண்டையும் புதுக் கம்ப்யூட்டரோடு கேபிள் போட்டு இணைத்துவிட்டால், மூன்றும் சேர்ந்து ஒரே பெரிய கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்யாதா?”

நியாயமான கேள்விதான். கிணற்றில் இரண்டு மோட்டார் வைத்தால் தொட்டி சீக்கிரம் நிரம்புகிறது. பிராசசருக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பது சுலபம், அரை மணி நேரம் போதும். ஆனால் இணைத்த பிறகு உங்களுக்கு ஒரே பெரிய கம்ப்யூட்டர் கிடைப்பதில்லை. மூன்று ஆட்கள் கிடைக்கிறார்கள், அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலையானால் நேரம் மிச்சம். இல்லையென்றால் கேபிள் வாங்கிய பில்லும் கரண்ட் பில்லும்தான் மிச்சம். “இரண்டு பழைய சிஸ்டம் வாங்கிச் சேர்த்துப் போடுங்கள், கேம்ஸ் பறக்கும்” என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஏன் ஒன்றாவதில்லை?

நீங்கள் ஒரு புரோகிராமை இயக்கியதும் அது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு, அதாவது ரேமுக்கு வருகிறது. பிராசசர் தனக்கு வேண்டியதை அந்த ரேமிலிருந்து எடுத்து, கணக்குப் போட்டு, விடையைத் திரும்ப அங்கேயே வைக்கிறது. ஒரு விநாடியில் இது கோடிக்கணக்கான முறை நடக்கிறது. இன்றைய பிராசசர்களில் நாலு, ஆறு, எட்டு என்று பல கோர்கள் இருக்கின்றன. அவை ஒன்றாக வேலை செய்ய முடிவது ஏன் தெரியுமா? எல்லாக் கோர்களுக்கும் ரேம் ஒன்றே. ஒரே அடுப்படியில் நிற்கும் எட்டுப் பேர் ஒரே அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்வது போல.

பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரின் ரேம் வேறு வீட்டு அஞ்சறைப் பெட்டி. அதைக் கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். தன் ரேமிலிருந்து ஒரு எண்ணை எடுக்க பிராசசருக்கு சுமார் 100 நானோ விநாடி ஆகிறது. வீட்டு நெட்வொர்க் கேபிள் வழியாக அடுத்த கம்ப்யூட்டரைக் கேட்டு பதில் வாங்க 0.2 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 2 லட்சம் நானோ விநாடி. வைபையில் 3 மில்லி விநாடி ஆவது சாதாரணம்.

இந்த எண்கள் எல்லாமே நம் கண்ணுக்குச் சிறியவைதான். அதனால் இப்படிப் பெரிதாக்கிப் பாருங்கள். அலமாரியிலிருந்து உப்பு டப்பாவை எடுக்க 1 விநாடி ஆகிறது என்றால், கேபிள் வழியாகப் பக்கத்து வீட்டு உப்பு வந்து சேர அரை மணிக்கும் மேல். வைபையில் 8 மணி நேரத்துக்கும் மேல்! ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் இப்படிக் காத்திருந்தால் சமையல் எப்படி முடியும்?

கேம்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. விநாடிக்கு 60 முறை திரையை வரைய வேண்டும் என்றால் ஒரு திரைக்குக் கிடைப்பது 16 மில்லி விநாடி. அதற்குள் எதிரி எங்கே, சுவர் எங்கே, குண்டு எங்கே என்று எல்லாக் கணக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். இதை இரண்டு கம்ப்யூட்டர்களுக்குப் பிரிக்க முடியாது. வேர்டு, எக்செல், பிரவுசர் எல்லாம் அப்படியே. அவை ஒரே கம்ப்யூட்டரில் ஓடுவதற்கென்று எழுதப்பட்டவை. பக்கத்தில் நூறு கம்ப்யூட்டர்களை இணைத்தாலும் அவை இருப்பது கூட அந்த புரோகிராம்களுக்குத் தெரியாது.

கல்யாணச் சமையல் கணக்கு

அப்படியானால் எந்த வேலையைப் பிரிக்கலாம்? கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்குவதற்கு ஒரு ஆளுக்கு 80 நிமிடம் என்றால் நாலு பேர் உட்கார்ந்தால் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவர் நறுக்கும் கத்திரிக்காய்க்கும் இன்னொருவர் நறுக்கும் பூசணிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சாம்பார் கொதிக்க 20 நிமிடம் ஆகுமென்றால், அடுப்பைச் சுற்றி நாலு பேர் நின்றாலும் 20 நிமிடம்தான்.

மொத்தம் 100 நிமிட வேலை. நாலு ஆள் போட்டால் 40 நிமிடம். எண்பது ஆள் போட்டால்? நறுக்குவது 1 நிமிடத்தில் முடியும், கொதிப்பது 20 நிமிடம், ஆக 21. ஊரையே கூப்பிட்டாலும் 20-க்குக் கீழே இறங்காது. கம்ப்யூட்டர் துறையில் இதற்கு ஆம்டால் விதி என்று பெயர். ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டர்களை வடிவமைத்த ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதம் இது. பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் உங்கள் வேகத்துக்கு எல்லை. எந்த வேலைக்கும் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கொதிக்கும் நேரத்தைத்தான்.

கல் சூப் கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்துப் பெரிய வேலை வாங்குவது புது யோசனை அல்ல. 1994-ல் அமெரிக்காவின் நாசா கோடார்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் என்ற இருவர் கடையில் கிடைக்கும் சாதாரண பாகங்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். 486 வகை பிராசசர்கள் 16. அவற்றை இணைத்தது 10 எம்பிபிஎஸ் வேகமுள்ள ஈதர்நெட். ஆபரேட்டிங் சிஸ்டம் இலவசமாகக் கிடைத்த லினக்ஸ். அதற்கு பியோவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். இந்த வகைக் கூட்டத்துக்கே பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊரிலும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-ல் 144 கம்ப்யூட்டர்களை இப்படி இணைத்து கப்ரு என்று இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். உலகின் 500 வேகமான கம்ப்யூட்டர்கள் பட்டியலில் அது அந்த ஆண்டு இடம் பிடித்தது.

ஆனால் நம் பரண் கம்ப்யூட்டருக்கு மிக நெருங்கிய சொந்தம் இன்னொன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. வில்லியம் ஹார்க்ரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்ற இருவர் அங்கே அமெரிக்க நிலப்பரப்பை மண், மழை, வெப்பம் போன்றவற்றை வைத்து வகை பிரித்து வரைபடம் போட விரும்பினார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் ஒரு கட்டம் என்று வைத்தாலே 78 லட்சம் கட்டங்கள். கம்ப்யூட்டர்கள் வாங்கப் பணம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 2001-ல் அதில் 133 கம்ப்யூட்டர்கள் இருந்தன. பாதிக்கு மேல் பழைய 486. வெறும் கல்லைப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்து, ஊராரிடம் ஆளுக்கொரு காய் வாங்கிப் போட்டு சூப் செய்த பழங்கதை ஐரோப்பாவில் உண்டு. அந்தக் கதையை வைத்தே இதற்குக் கல் சூப் கம்ப்யூட்டர் என்று பெயர்.

இதில் நமக்குப் பாடம் எங்கே என்றால், அந்தக் கூட்டத்தில் வேகமானதும் மெதுவானதும் கலந்து இருந்தன. 78 லட்சம் கட்டங்களைச் சமமாகப் பங்கு போட்டிருந்தால், வேகமான பென்டியம் தன் பங்கை முடித்துவிட்டு 486 முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும். அதனால் வேலையைச் சிறு சிறு துண்டுகளாக வைத்துக்கொண்டு, ஒன்றை முடித்தவனுக்கு அடுத்ததைக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். இதே ஏற்பாட்டை உங்கள் வீட்டில் ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஒரே இரவில் 500 படங்கள்

திருச்சி உறையூரில் என் அத்தை மகன் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்கிறார். கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்துபோவது போல 3டி வீடியோ செய்து காட்டுவது இப்போது அந்தத் தொழிலில் சகஜமாகிவிட்டது. பிளெண்டர் என்ற இலவச சாப்ட்வேரில் அதைச் செய்வார். ஒரு நாள் இரவு 11 மணிக்கு போன்.

“மாப்ளே, பார்ட்டி காலைல ஆறு மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புறார். துபாய் போனா அடுத்த லீவுக்குத்தான் வருவார். வீடியோவைக் காட்டிட்டா அட்வான்ஸ் கொடுத்துடுவார். இது ஏழரை வரைக்கும் ஓடும்போல இருக்கே!”

கணக்கு சரிதான். வீடியோ 20 விநாடி, விநாடிக்கு 25 பிரேம், ஆக 500 பிரேம். அவருடைய புது கம்ப்யூட்டர் ஒரு பிரேமை வரைய 1 நிமிடம் எடுத்துக்கொண்டது. 500 நிமிடம் என்றால் 8 மணி 20 நிமிடம். வீட்டில் தங்கையின் லேப்டாப் ஒன்றும், பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தன. “மூணுக்கும் 167, 167, 166-னு பிரிச்சுக் கொடுத்துடட்டுமா?” என்று கேட்டார்.

“அத்தான், கொஞ்சம் பொறுங்க. முதல்ல மூணுலயும் ஒரே ஒரு பிரேம் போட்டு நேரம் பாருங்க” என்றேன். லேப்டாப்பில் 2 நிமிடம். பழைய கம்ப்யூட்டரில் 4 நிமிடம். இப்போது அவர் சொன்ன பிரிவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் 167 பிரேமை முடிக்க 668 நிமிடம், அதாவது 11 மணி 8 நிமிடம். புதுக் கம்ப்யூட்டர் தனியாகச் செய்வதைவிட மூன்றும் சேர்ந்து செய்வது மூன்று மணி நேரம் தாமதம்! மூன்று கம்ப்யூட்டர் இணைத்தும் மெதுவாகிவிட்டதே என்று புலம்புவோர் பலருக்கு நடப்பது இதுதான்.

முடித்தவன் அடுத்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால்? புதியது நிமிடத்துக்கு 1 பிரேம், லேப்டாப் அரை, பழையது கால். சேர்த்தால் 1.75 பிரேம். 500-ஐ அதால் வகுத்தால் 286 நிமிடம், ஏறத்தாழ 4 மணி 46 நிமிடம். மூன்று கம்ப்யூட்டர் என்றாலும் மூன்று மடங்கு இல்லை, ஒன்றே முக்கால் மடங்குதான். ஆனால் அந்த முக்கால் மடங்குதான் அன்றைக்குத் தேவைப்பட்டது.

செய்யும் முறை

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் வரிசையாகச் சொல்கிறேன். விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ் 10-லும் ஏறக்குறைய இதுவே. (விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பரண் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் விடுவதாக இருந்தால் லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. பிளெண்டர் அதிலும் ஓடும்.)

எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். முடிந்தால் கேபிளில். ரவுட்டரின் பின்புறம் நாலு போர்ட்டுகள் இருக்கும், அவை அதற்குத்தான். பிறகு புதுக் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் திறந்து நெட்வொர்க் பகுதியில் உங்கள் இணைப்பை பிரைவேட் என்று மாற்றுங்கள். பப்ளிக் என்று இருந்தால் மற்ற கம்ப்யூட்டர்களின் கண்ணுக்கு இது தெரியாது.

அடுத்து ஒரு புது போல்டர் உருவாக்கி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். ஷேரிங் என்ற டேபில் ஷேர் பட்டனை அழுத்தி, உங்கள் யூசர் பெயரைத் தேர்வு செய்து, படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுங்கள். மற்ற கம்ப்யூட்டரில் பைல் எக்ஸ்புளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு போட்டு முதல் கம்ப்யூட்டரின் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால் அந்த போல்டர் தெரியும். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தினமும் கம்ப்யூட்டரைத் திறக்க நீங்கள் தட்டும் நாலு இலக்க பின் எண் இங்கே செல்லாது. அக்கவுன்டின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டே இல்லாமல் பகிரலாம் என்று பழைய புத்தகங்களில் இருக்கும் வழியைப் புதிய விண்டோஸ் 11 தடுத்துவிடுகிறது. தடுப்பது நல்லதே.

போல்டர் திறந்ததும் அதை இசட் டிரைவ் என்று மேப் செய்துகொள்ளுங்கள். மூன்று கம்ப்யூட்டர்களிலும், முதல் கம்ப்யூட்டர் உள்பட, அதே எழுத்து இருக்க வேண்டும். அப்போதுதான் பைல் இருக்கும் இடம் மூன்றுக்கும் ஒன்றாகத் தெரியும்.

இனி பிளெண்டர். மூன்றிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரில் எது ஓடுகிறதோ அதுவே மற்றவற்றுக்கும். பிராஜெக்டில் சேர்த்த மரம், டைல்ஸ் படங்களை எல்லாம் பைல் மெனுவில் பேக் ரிசோர்சஸ் கொடுத்து உள்ளேயே அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கம்ப்யூட்டரில் தேக்குக் கதவு, இன்னொன்றில் ரோஸ் நிறக் கதவு என்று வரும். படத்தைக் காணவில்லை என்றால் பிளெண்டர் ரோஸ் நிறத்தைத்தான் பூசும்! அவுட்புட் பகுதியில் வீடியோவாகச் சேமிக்காமல் பிஎன்ஜி படங்களாகச் சேமிக்கச் சொல்லுங்கள். இடம், இசட் டிரைவில் ஒரு போல்டர். அதன் கீழேயே இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். ஓவர்ரைட் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பிளேஸ்ஹோல்டர்ஸ் என்பதில் டிக் போடுங்கள். சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டில்தான்.

ஒரு பிரேமை ஆரம்பிக்கும்போதே அதன் பெயரில் ஒரு வெற்று பைலை வைத்துவிடு என்பது இரண்டாவது கட்டம். ஏற்கெனவே பைல் இருக்கும் பிரேமைத் தொடாதே என்பது முதல் கட்டம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதே முறை. துண்டு இருக்கும் சீட்டை விட்டுவிட்டு அடுத்த கம்ப்யூட்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விடும். பைலை சேவ் செய்து, அதே பைலை மூன்றிலும் இசட் டிரைவிலிருந்து திறந்து, ஒவ்வொன்றிலும் ரெண்டர் அனிமேஷன் கொடுங்கள். யாருக்கு எத்தனை என்று நீங்கள் பிரிக்கவே வேண்டாம். அவையே பார்த்துக்கொள்ளும். வேறு சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

ஒரே ஒரு ஜாக்கிரதை. பாதியில் ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோனால் அது போட்ட துண்டு அப்படியே கிடக்கும், ஆள் வரமாட்டார். உறையூரில் அன்று அதுதான் நடந்தது. இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த அத்தை, “என்ன இப்படிக் கொதிக்குது” என்று லேப்டாப்பை மூடிவைத்துவிட்டார். அது தூங்கிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அத்தான் பார்த்திருக்கிறார். எல்லாம் முடிந்ததும் போல்டரை சைஸ் வாரியாக வரிசைப்படுத்தச் சொன்னேன். 0 கேபி என்று ஒரு பைல் மேலே நின்றது. அதை அழித்துவிட்டு மறுபடி ரெண்டர் கொடுத்ததும் அந்த ஒரு பிரேம் மட்டும் வரையப்பட்டது. 500 படங்களையும் வீடியோவாகக் கோப்பது ஒரே கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலை, அதாவது சாம்பார் கொதிக்கும் நேரம். அது சில நிமிடங்கள்தான். ஐந்து மணிக்கு முன் வீடியோ தயார். பார்ட்டி அதைப் பார்த்துவிட்டு சமையலறை ஜன்னலைக் கிழக்குப் பக்கம் மாற்றச் சொன்னாராம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

இரவில் ஓடவிடும்போது மூன்றிலும் ஸ்லீப் வசதியை நிறுத்திவைக்க வேண்டும், லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, மெத்தை மேல் வைக்காமல் மேசை மேல் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

3டி எல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீடியோ பைல்களைச் சின்னதாக்க நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பன்னிரண்டு பைல் இருந்தால் வேகமான கம்ப்யூட்டருக்கு ஏழு, மெதுவானதற்கு ஐந்து என்று நேரம் பார்த்துக் கொடுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் கியூ வசதி இருக்கிறது. வரிசையாகச் சேர்த்துவிட்டுப் படுக்கப் போகலாம். என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு இணைப்பே தேவையில்லை. நேரம் பிடிக்கும் வேலையைப் பழைய கம்ப்யூட்டரிடம் தள்ளிவிட்டு, புதியதில் நீங்கள் நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம். அதுவும் பகிர்ந்துகொள்வதுதான்.

உலகமே ஒரு கம்ப்யூட்டர்

வீட்டு நெட்வொர்க்குக்கே இவ்வளவு தாமதம் என்றால், இன்டர்நெட் வழியாக ஊர் ஊராக இருக்கும் கம்ப்யூட்டர்களைச் சேர்க்க முடியுமா? முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே 17-ல் செட்டி அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த விண்வெளி ரேடியோ அலைகளில், வேற்றுலகவாசிகள் அனுப்பியது போல ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். யார் வேண்டுமானாலும் ஒரு ஸ்கிரீன் சேவரை இறக்கிக்கொண்டு உதவலாம். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள்.

டயல்-அப் மோடம் காலத்தில் இது எப்படி நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒருவருக்கு அனுப்பிய துண்டு சுமார் 350 கேபிதான். மோடத்தில் ஒன்றிரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். ஆனால் அதை அலசி முடிக்க அன்றைய கம்ப்யூட்டருக்குப் பல மணி நேரம் ஆகும். வாங்கிப் போவது கைப்பிடி, வீட்டில் உட்கார்ந்து செய்வது நாள் முழுவதும். பீடி சுற்றுபவர்கள் இலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சுற்றுவது போல. அப்படிப்பட்ட வேலைக்கு நெட்வொர்க் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் பாதகமில்லை. வேற்றுலகவாசி யாரும் அகப்படவில்லை. 2020 மார்ச் 31-ல் புதுத் துண்டுகள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1-ல் அரெசிபோ தொலைநோக்கியே இடிந்து விழுந்தது.

ஆனால் முறை நின்றுவிடவில்லை. பெர்க்லியில் உருவான போயிங்க் என்ற சாப்ட்வேரை நிறுவினால் ஐன்ஸ்டீன் அட் ஹோம் போன்ற திட்டங்களுக்கு உங்கள் கம்ப்யூட்டரின் ஓய்வு நேரத்தைக் கொடுக்கலாம். 2010-ல் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும், இன்னொரு கம்ப்யூட்டர் ஜெர்மனியிலும் இருந்தபடியே, அதுவரை யாரும் அறியாத ஒரு பல்சர் நட்சத்திரத்தை அரெசிபோ பதிவுகளில் கண்டுபிடித்தன. புரத மூலக்கூறுகள் எப்படி மடிகின்றன என்று பார்க்கும் ஃபோல்டிங் அட் ஹோம் 2000-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2020-ல் கொரோனா வைரஸை ஆராய்கிறோம் என்று அறிவித்ததும் லட்சக்கணக்கானவர்கள் சேர, விநாடிக்கு 1-க்குப் பின் 18 சைபர் போட்ட அளவுக் கணக்குகள் என்ற எல்லையை அது தாண்டியது. அப்போது உலகில் எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அதை எட்டியிருக்கவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் வெற்றி என்றும் சொல்ல முடியாது. பெரிய பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் திட்டம் 1996 முதல் வீட்டுக் கம்ப்யூட்டர்களை நம்பித்தான் வளர்ந்தது. 2024 அக்டோபரில் அதில் கிடைத்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதைக் கண்டுபிடித்தவர் பயன்படுத்தியது வீட்டு பிராசசரை அல்ல, பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிராபிக்ஸ் பிராசசர்களை.

கரண்ட் பில்

சேருவதற்கு முன் மீட்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஓடும்போது புதுக் கம்ப்யூட்டர் 200 வாட், லேப்டாப் 60, பழையது 150 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 410 வாட். உறையூர் வேலைக்கு இது சுமார் 2 யூனிட். புதியது தனியாக 8 மணி 20 நிமிடம் ஓடியிருந்தால் ஒன்றே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு இரவுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் மூன்றையும் இரவு பகலாக ஓடவிட்டால் நாளுக்குப் பத்து யூனிட், இரண்டு மாதத்தில் 590 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நட்சத்திரம் தேடப் போய் வீட்டில் சண்டை வரக்கூடாது. போயிங்க் செட்டிங்ஸில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை, இத்தனை சதவிகிதம் பிராசசர் என்று வரையறுக்கலாம். லேப்டாப் பேட்டரியில் இருக்கும்போது ஓடாதே என்றும் சொல்லலாம்.

இப்போது புதிதாகக் கேட்கப்படுவது ஏஐ பற்றி. “ஏஐ மாடலை வீட்டிலேயே ஓட்ட மூன்று கம்ப்யூட்டர்களைச் சேர்க்கலாமா?” லாமா சிபிபி என்ற இலவச சாப்ட்வேரில் அதற்கு வழி இருக்கிறது. ஒரு பெரிய மாடல் உங்கள் ரேமில் கொள்ளவில்லை என்றால், அதன் அடுக்குகளைக் கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டு வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் முதல் அடுக்கிலிருந்து கடைசி அடுக்குவரை வரிசையாகப் போக வேண்டும். ஒன்று வேலை செய்யும்போது மற்ற இரண்டும் காத்திருக்கும். ஆகவே கூடுவது இடம், வேகம் அல்ல. சுருக்கிய வடிவத்தில் 5 ஜிபி அளவே உள்ள சிறிய மாடல்கள் 16 ஜிபி ரேம் உள்ள ஒரே கம்ப்யூட்டரில் ஓடும். அதற்கு இணைப்பு வேண்டாம். பெரியதுதான் வேண்டுமென்றால், பழைய கம்ப்யூட்டர் வாங்கும் பணத்தில் புதியதற்கு ரேம் கூட்டுவதே என் யோசனை. அப்படியும் இணைத்துத்தான் பார்ப்பேன் என்பவர்கள், அந்த வசதி பாதுகாப்பு இல்லாதது, திறந்த நெட்வொர்க்கில் ஓட்டாதீர்கள் என்று அதை எழுதியவர்களே எச்சரித்திருப்பதை நினைவில் வையுங்கள். வீட்டு ரவுட்டருக்கு உள்ளே மட்டும் போதும்.

பகிர்ந்த போல்டருக்கும் இது பொருந்தும். வேலை முடிந்ததும் அதே ஷேரிங் டேபுக்குப் போய் அட்வான்ஸ்டு ஷேரிங் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பை ஹாஸ்டலுக்கோ காபிக் கடைக்கோ எடுத்துப்போய் அங்குள்ள வைபையில் இணைக்கும்போது, அந்த நெட்வொர்க்கை மட்டும் பப்ளிக் என்றே வைத்திருங்கள்.